நடுகல்லில் பெயர் இல்லாத குதிரை: தகடூர் நாட்டுப் போர்க்குதிரைகளும் பந்தயக் குதிரைகளும்

காரிமங்கலம் ஆசிரியர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் ஏரிக்கரையில் வேப்பமரத்தடியில் இடுப்பளவு உயரமுள்ள ஒரு பலகைக்கல் நிற்கிறது. குதிரைமேல் அமர்ந்த வீரன் ஒருவன் வலக்கையில் வேலை ஓங்கியிருக்கிறான். குதிரையின் கழுத்தில் மணிமாலை இருக்கிறது. முன்னங்கால் ஒன்று தூக்கியபடி இருக்கிறது. எழுத்து ஏதும் இல்லை. ஊரார் அதை வேடியப்பன் என்று வணங்கிப் பொங்கல் வைக்கிறார்கள். சென்ற மாதம் ஏழாம் வகுப்பு மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று நடுகல் என்பது இறந்த வீரனுக்கு நடும் நினைவுக்கல், தொறு என்பது ஆநிரை என்று சொல்லி முடித்தபோது, ஒரு மாணவி குதிரையைத் தொட்டுக் காட்டி, "இதுவும் செத்துப் போச்சா, சார்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளாக அந்தக் கல்லைப் பார்த்தும் இந்தக் கேள்வி எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

பள்ளியின் நீளமான வெளிச்சுவர் ஒன்றை வெள்ளையடித்து வைத்திருக்கிறோம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியோடு தொடர்புடைய குதிரைகளை, அவை போருக்குப் போனவையானாலும் பந்தயத்தில் ஓடியவையானாலும், படமும் இரண்டு மூன்று வரிகளுமாக அங்கே எழுதலாம் என்று எண்ணுகிறேன். பிள்ளைகள் படிக்கப் போவதால், உறுதியான செய்திகளை மட்டும் தாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். காரிமங்கலம் என்ற எங்கள் ஊர்ப்பெயரைக் காரி என்னும் குதிரையோடு சேர்த்துவிட எனக்கே ஆசை எழுந்தது. சான்று இல்லாததால் அதை நானே விலக்கிவிட்டேன்.

பென்னாகரம் தமிழ்த்துறை

ஐயா, உங்கள் மாணவியின் கேள்வியைப் படித்தவுடன் எனக்குப் புறநானூற்றின் 273ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. எருமை வெளியனார் பாடியது. போர் முடிந்து எல்லாருடைய குதிரைகளும் வீடு திரும்பிவிட்டன. குடுமி வைத்த சிறுமகனைப் பெற்றுத் தந்த தன் கணவன் ஏறிச் சென்ற குதிரை மட்டும் வரவில்லை என்று ஒரு பெண் வாசலில் நின்று கலங்குகிறாள். "மாவா ராதே மாவா ராதே" என்று இருமுறை சொல்கிறாள். கணவன் வரவில்லை என்ற சொல் அவள் வாயில் வரவேயில்லை. இரண்டு பெரிய ஆறுகள் கூடும் இடத்தில் குறுக்கே நின்ற பெருமரம் இருபுறத்து வெள்ளத்தாலும் சாய்வதுபோல அந்தக் குதிரை விழுந்துவிட்டதோ என்று அஞ்சுவதோடு பாட்டு முடிகிறது. ஆக, உங்கள் மாணவி கேட்ட கேள்வியை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருத்தி கேட்டிருக்கிறாள். சுவரின் முதல் இடம் இந்தப் பாட்டுக்கு உரியது என்பது என் கருத்து.

குதிரையின் வீரத்தைப் பாடுவதற்கென்றே "குதிரை மறம்" என்று ஒரு துறையை நம் முன்னோர் வகுத்திருந்தார்கள். 299ஆம் பாட்டும் 304ஆம் பாட்டும் அதே துறையைச் சேர்ந்தவை. 299ஐப் பாடியவர் பொன்முடியார், 304ஐப் பாடியவர் அரிசில் கிழார். இன்றைய தருமபுரியான தகடூரைச் சேரன் அழித்த போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்னும் நூலில் பங்குடையவர்களாக மரபு சொல்லும் புலவர்கள் இவர்கள் இருவரும்தாம். அந்த நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. மேற்கோளாகத் தப்பிய சில பாடல்களே உள்ளன. தகடூர்ப் போரை அறிந்த புலவர்கள் குதிரையை எப்படிப் பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ள நமக்கு எஞ்சியிருப்பவற்றில் இவை முக்கியமானவை.

பொன்முடியாரின் பாட்டை நான் வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நம் மேட்டுக்காட்டு ஊர்களே கண்முன் வரும். பருத்தியை வேலியாகக் கொண்ட சிற்றூரின் தலைவனிடம் உளுந்துச் சக்கையைத் தின்று வளர்ந்த, ஓய்ந்த நடையுடைய ஒரு குதிரை இருக்கிறது. மருத நிலத்துப் பெருமன்னரின் குதிரைகளோ நெய் பெய்த உணவை உண்டு, பிடரிமயிர் கத்தரிக்கப்பட்டு, மாலை அணிந்து நிற்கின்றன. போர் தொடங்கியதும் சக்கை தின்ற குதிரை கடலைக் கிழிக்கும் தோணிபோலப் படையைப் பிளந்து செல்கிறது. நெய் உண்ட குதிரைகள் ஒதுங்கி நிற்கின்றன. மழை குறைந்த மேட்டு நிலத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்தப் பாட்டை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

தகடூரை ஆண்ட அதியமானின் குதிரைகளை ஔவையார் 97ஆம் பாட்டில் பாடுகிறார். வாள், வேல், யானை என்று வரிசையாகச் சொல்லிவரும்போது, பகைவரின் பொன்மாலை சிதைய ஓடி, களத்தில் உழன்று, குருதிக்கறை படிந்த குளம்புகளை உடையவை அவை என்கிறார். "மறுக்குளம்பு" என்ற அந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

தேன்கனிக்கோட்டை வாசகர்

வணக்கம். அதியமானுக்கு உரிய குதிரைமலை நம் மாவட்டத்து மலைதானே? "ஊராது ஏந்திய குதிரை" என்று பாட்டிலேயே வருகிறது. எங்கள் பக்கத்தில் ஒரு குன்று தொலைவிலிருந்து பார்த்தால் குதிரை படுத்திருப்பது போலவே தெரியும். அதைக் குதிரைமலை என்று சுவரில் வரைந்துவிடலாம் அல்லவா?

பென்னாகரம் தமிழ்த்துறை

உங்கள் ஆர்வம் எனக்குப் புரிகிறது, ஐயா. ஆனால் இந்த இடத்தில் நாம் நிதானமாக நடக்க வேண்டும். கடையெழு வள்ளல்களை வரிசைப்படுத்தும் புறநானூறு 158இல், அதியமான் எனக் கருதப்படும் எழினியைச் சொல்லும்போது "ஊராது ஏந்திய குதிரை" என்ற தொடர் வருகிறது. ஏறிச் செலுத்த முடியாத குதிரை, அதாவது குதிரை என்னும் பெயருடைய மலை என்பது பொருள். ஆனால் 168ஆம் பாட்டில் பிட்டங்கொற்றன் என்ற வேறொரு தலைவனும் "ஊராக் குதிரைக் கிழவ" என்றே விளிக்கப்படுகிறான். ஒரே மலையா, ஒரே பெயருடைய இரு மலைகளா, எந்த மாவட்டத்தில் உள்ளது என்பதில் அறிஞர்கள் ஒத்த கருத்துக்கு வரவில்லை. உருவம் ஒத்திருக்கிறது என்பதற்காக ஒரு குன்றுக்கு நாம் பெயர் சூட்டினால், இருபது ஆண்டுகள் கழித்து அது வரலாறாகிவிடும். தொடரையும் அதன் பொருளையும் எழுதலாம். குன்றை வரைய வேண்டாம்.

பெயருள்ள குதிரைகள் வேண்டுமானால் சிறுபாணாற்றுப்படையில் இரண்டு இருக்கின்றன. "காரிக் குதிரைக் காரியொடு மலைந்த ஓரிக் குதிரை ஓரியும்" என்கிறது அது. திருக்கோவலூர் மலையமானின் குதிரைக்குப் பெயர் காரி. கொல்லிமலை ஓரியின் குதிரைக்குப் பெயர் ஓரி. தலைவனும் குதிரையும் ஒரே பெயரைச் சுமந்தார்கள் என்பதிலேயே அந்த உறவின் நெருக்கம் தெரிகிறது. இவை தகடூருக்கு அயலானவையும் அல்ல. அதியமான் கோவலூரை வென்றதை ஔவையாரின் 99ஆம் பாட்டு சொல்கிறது. அதன்பின் காரி சேரனோடு சேர்ந்து ஓரியைக் கொன்றதும், சேரன் தகடூரை அழித்ததும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகவே சொல்லப்படுகின்றன. மூவேந்தருக்கும் நிகண்டுகள் குதிரைப் பெயர் தருகின்றன: சோழனுக்குக் கோரம், பாண்டியனுக்குக் கனவட்டம், சேரனுக்குப் பாடலம். நம் அதியமான் ஏறிய குதிரையின் பெயரை மட்டும் எந்த ஏடும் காப்பாற்றித் தரவில்லை.

நடுகல் நடைப்பயணி

பதினைந்து ஆண்டுகளாக அரூர், ஊத்தங்கரை, செங்கம் பக்கங்களில் நடுகல் தேடி அலைபவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்கிறேன்.

நம் பகுதியின் பழைய வட்டெழுத்து நடுகற்களில் பெரும்பாலானவற்றில் வீரன் தரையில்தான் நிற்கிறான். ஒரு கையில் வில், மறு கையில் வாள் அல்லது அம்பு. தொறு மீட்டுப் பட்டான் என்று எழுத்து சொல்லும். ஆநிரை கவரும் அக்காலத்து ஆகோள் பூசல்களில் சிற்றூர் வீரர்கள் கால்நடையாகவே போரிட்டார்கள் என்று அந்தக் கற்களைப் பார்த்தால் தோன்றுகிறது. குதிரை வீரன் கற்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் பிற்காலத்தவை. சேணம், கடிவாளம், அங்கவடி, கழுத்துச் சதங்கை எல்லாம் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கும். ஆசிரியர் ஐயா சொல்லும் கல்லும் அந்த வகையைச் சேர்ந்தது என்றே நினைக்கிறேன். அதில் குதிரையும் இறந்ததா என்று கல்லைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

ஆனால் விலங்குக்கென்று கல் நடும் வழக்கம் நம்மிடம் இல்லாமலில்லை. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனின் காலடியில் ஒரு நாய் நிற்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரு கள்ளரைக் கடித்துக் காத்திருந்தது என்றும் தனியாகவே எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கு எழுத்தோடு கூடிய கல் இருக்கிறது. நாய்க்கும் சேவலுக்கும் கிடைத்த எழுத்து, பெயர் பொறித்த வரி, எங்கள் பகுதியில் நான் பார்த்த ஒரு குதிரைக்கும் கிடைக்கவில்லை. நாய் தன் ஊர்க்காரனின் நாய். அதன் பெயரை ஊர் முழுவதும் கூப்பிட்டிருக்கும். குதிரையோ படையின் உடைமை, தலைவனின் உடைமை. பெயர் கல்லுக்கு வராமல் போனதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் சொந்த எண்ணம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பர்கூருக்கு அருகில் மல்லப்பாடியில் பாறை ஓவியம் இருக்கிறது. வெள்ளை நிறத்தில், குதிரைமேல் இருந்தபடி ஒருவரோடு ஒருவர் பொருதும் இரு வீரர்கள். தமிழகப் பாறை ஓவியங்களில் முதன்முதலாகக் கவனத்துக்கு வந்தவற்றுள் ஒன்று அது. கோடு கோடாகத்தான் வரைந்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் குதிரைகளின் பாய்ச்சல் உண்மையானது. சுவரில் படம் வரைவதானால் அதைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குக் கை வரும்.

மத்திகிரி மைந்தன்

என் பாட்டனார் ஓசூர் மத்திகிரிப் பண்ணையில் கூலி வேலை செய்தவர். அவருடைய தந்தையார் அதே இடத்தில் குதிரைக்காரராக இருந்தவர் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். இன்று கால்நடைப் பண்ணையாக அறியப்படும் 1,600 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்த நிலம், 19ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குக் குதிரைகளைப் பழக்கித் தரும் நிலையமாக இருந்தது. ஓசூரின் குளிர்ந்த காற்றும், பரந்த புல்வெளியும், பெங்களூர்ப் படைமுகாம் அருகில் இருந்ததும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணங்கள்.

இந்தியப் படைக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. நியூ சவுத் வேல்ஸ் பகுதியிலிருந்து வந்ததால் அவற்றை "வேலர்" என்று அழைத்தார்கள். பல வாரக் கடற்பயணத்தில் நின்றபடியே வந்து, கால் வீங்கி இறங்கும் குதிரைகளை நடக்கப் பழக்கி, கொள்ளுக் கொடுத்துத் தேற்றி, துப்பாக்கிச் சத்தத்துக்கு மிரளாமல் பழக்குவது குதிரைக்காரர்களின் வேலை. முதல் உலகப் போருக்கு ஆஸ்திரேலியா ஏறத்தாழ 1,36,000 குதிரைகளை அனுப்பியது; தாய்மண்ணுக்குத் திரும்பியது சாண்டி என்ற ஒரே ஒரு குதிரை. எஞ்சியவற்றில் இறந்தவை போக மற்றவை விற்கப்பட்டன, அல்லது சுட்டுக் கொல்லப்பட்டன, அல்லது வேறு படைகளுக்குக் கைமாறின. இதைப் படித்தபோது, மத்திகிரிப் புல்வெளியில் நின்ற குதிரைகளில் எத்தனை இயல்பாக முதுமையடைந்து இறந்திருக்கும் என்று யோசித்தேன்.

அங்கே ஒரு கல் நட வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். குதிரைக்கு மட்டும் போதாது. லாயத்தில் சாணம் அள்ளியவர், லாடம் அடித்தவர், புல் அறுத்துச் சுமந்த பெண்கள் ஆகியோருக்கும் சேர்த்து ஒரு கல்.

சந்தூர் மாந்தோப்பு

மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கம்பெனிப் படையின் குதிரைகளுக்கு நாம் ஏன் கல் நட வேண்டும்? அந்தக் குதிரைகள் யார்மேல் ஏறி மிதித்தன? பாராமகால் என்று அன்று அழைக்கப்பட்ட நம் பகுதி மக்கள் அந்தப் போர்களில் பட்ட துன்பத்தை என் பாட்டி கதைகதையாகச் சொல்லியிருக்கிறார். குதிரைப்படை வருகிறது என்று தெரிந்தால் தானியத்தைக் குழியில் புதைத்துவிட்டு, ஆடு மாட்டோடு மலையேறிவிடுவார்களாம். விளைந்த சோளக்காடு ஒரே இரவில் குதிரைத் தீனியாகிவிடும். அது மைசூர் ஐதர் அலியின் குதிரையா, கம்பெனியின் குதிரையா என்று உழவன் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

நடுகல் நடைப்பயணி

அண்ணா, நீங்கள் சொல்வதை அப்படியே சுவரில் எழுத வேண்டும் என்பேன். 1767 செப்டம்பர் 3 அன்று செங்கத்தில் ஐதர் அலிக்கும் கம்பெனிக்கும் போர் நடந்தது. அதே ஆண்டில் காவேரிப்பட்டணமும் கிருஷ்ணகிரியும் முற்றுகைக்கு உள்ளாயின. 1791 நவம்பரில் மாக்ஸ்வெல்லின் படை கிருஷ்ணகிரியின் கீழ்க்கோட்டையைப் பிடித்தும் மேல்மலையை எடுக்க முடியாமல் திரும்பியது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு பாராமகால் கம்பெனி வசமானது. 1799இல் ஹாரிஸின் பெரும்படை ராயக்கோட்டை வழியாகவே மைசூருக்குள் நுழைந்தது. பீரங்கியையும் தானியத்தையும் இழுத்த காளைகள் வழியெல்லாம் மடிந்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நம் நிலம் இரு படைகளின் குளம்புகளுக்கும் அடியில் கிடந்தது. போர்க்குதிரையை நினைவுகூரும்போது அது தின்ற சோளக்காட்டையும் நினைவுகூர்ந்தால்தான் நேர்மை.

ஆனால் குதிரை பக்கம் தேர்ந்தெடுத்ததில்லை. வென்றவன் கையில் அது கொள்ளையாகச் சிக்கி, மறுநாளே எதிர்ப்படையில் சேணம் பூண்டு நின்றது.

சந்தூர் மாந்தோப்பு

சோளக்காட்டையும் எழுதுவதானால் எனக்கு மறுப்பு இல்லை, தம்பி. காளைகளையும் விட்டுவிடாதீர்கள்.

பர்கூர் வாசகி

சென்னைத் தீவுத்திடலுக்கு அருகில் நிற்கும் மன்றோ சிலையை இங்கே யாரும் குறிப்பிடவில்லை. தமிழ்நாட்டில் மிகப் பலர் பார்த்த குதிரைச் சிலை அதுவாகத்தான் இருக்கும். 1792 முதல் 1799 வரை தாமஸ் மன்றோ கம்பெனி அதிகாரி ரீடின் உதவியாளராகத் தருமபுரியில் இருந்து நிலவரி ஏற்பாட்டைச் செய்தவர். உழவரிடம் அரசே நேராக வரி வாங்கும், பின்னாளில் ரயத்துவாரி என்று பெயர் பெற்ற முறைக்கு இங்கேதான் அடித்தளம் இடப்பட்டது. ஊர் ஊராகக் குதிரையில் போய்த்தான் அவர் நிலங்களைப் பார்வையிட்டிருப்பார். ஆகவே அந்த வெண்கலக் குதிரை ஒருவகையில் நம் ஊர்ப் புழுதியில் நடந்த குதிரைகளின் நினைவும்கூட.

அந்தச் சிலையில் சேணமும் அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார் என்றும், அந்த வருத்தத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார் என்றும் கதை சொல்வார்கள். அது உண்மை அல்ல. அதைச் செய்த பிரான்சிஸ் சான்ட்ரி, லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் நிற்கும் நான்காம் ஜார்ஜ் மன்னர் சிலையிலும் சேணமும் அங்கவடியும் வைக்கவில்லை. அது அவர் வேண்டுமென்றே கைக்கொண்ட முறை. மன்றோ சிலை 1839இல் நிறுவப்பட்டது. பிள்ளைகளுக்கு இந்தத் திருத்தத்தைச் சொன்னால், கேட்ட கதையை ஆராய்ந்து பார்க்கும் பழக்கமும் வரும்.

தேன்கனிக்கோட்டை வாசகர்

குதிரைமலை பற்றிய விளக்கத்துக்கு நன்றி, அம்மா. என் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். செஞ்சி தேசிங்கு ராஜனின் குதிரையைச் சேர்க்கலாமா? என் தந்தையார் திருவிழாவில் தேசிங்கு கதைப் பாட்டைக் கேட்டுவிட்டு வந்து, டெல்லியில் யாருக்கும் அடங்காத பாராசாரி என்ற குதிரையைத் தேசிங்கு அடக்கிய பகுதியை எங்களுக்கு இரவெல்லாம் சொல்வார். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு போரிட்டு மடிந்த அந்த இளைஞனையும், அவனுடைய நண்பன் மோவுத்துக்காரனையும், அவர்களுடைய குதிரைகளையும் மக்கள் பிரித்து நினைத்ததே இல்லை. செஞ்சி அருகே நீலாம்பூண்டியில் மோவுத்துக்காரனின் சமாதியோடு குதிரைக்கும் சமாதி காட்டுகிறார்கள். இது நம் மாவட்டத்துக்கு வெளியே என்பது தெரியும். ஆனால் அந்தப் பாட்டு நம் ஊர்களில் பாடப்பட்டது. அந்தக் குதிரை இங்கேயும் ஓடியது என்றுதான் சொல்ல வேண்டும்.

மத்திகிரி மைந்தன்

பந்தயக் குதிரைகளைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே. ஆசிரியர் ஐயா தலைப்பிலேயே சேர்த்திருக்கிறார்.

பர்கூர் வாசகி

நான் வேண்டுமென்றேதான் பேசாமல் இருந்தேன். பள்ளிச் சுவரில் பந்தயக் குதிரையை வரைவது எனக்குச் சரியாகப் படவில்லை. குதிரைப் பந்தயத்தால் அழிந்த குடும்பங்கள் உண்டு. என் சித்தப்பா ஒருவர் வாரந்தோறும் பெங்களூர் போய்வந்து, இருந்த இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பையும் இழந்தார். தமிழ்நாடு அரசு 1974இலேயே குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது சும்மா அல்ல. அது திறமை சார்ந்த விளையாட்டு என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் என் சித்தி பட்ட பாட்டை அந்தத் தீர்ப்பு மாற்றவில்லை.

கெலமங்கலம் லாயத்து மகள்

வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று எழுத வேண்டும் என்று தோன்றியது. என் அப்பா பெங்களூரில் ஒரு பந்தய லாயத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் குதிரை பராமரித்தவர். பர்கூர் அக்கா சொல்வதில் ஒரு சொல்லையும் நான் மறுக்க மாட்டேன். என் அப்பா ஒருநாளும் பந்தயத்தில் பணம் கட்டியதில்லை. கட்டியவர்கள் அழுதுகொண்டு திரும்பியதை அவர் தினமும் பார்த்தவர்.

ஆனால் குதிரை சூதாடவில்லை. அப்பா விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுவார். முதல் வேலை நான்கு கால்களையும் முழங்காலிலிருந்து குளம்பு வரை கையால் தடவிப் பார்ப்பது. எங்காவது சிறு வெப்பம் தெரிந்தால் அன்றைக்கு அந்தக் குதிரை ஓடாது. அவர் சொல்லும் வார்த்தைக்குப் பயிற்சியாளரும் கட்டுப்படுவார். பந்தயத்தில் வென்றால் உரிமையாளர் படத்தில் நிற்பார், ஜாக்கி படத்தில் நிற்பார். கடிவாளத்தைப் பிடித்திருக்கும் அப்பாவின் கை மட்டும் படத்தின் ஓரத்தில் தெரியும். எங்கள் வீட்டில் அப்படி நான்கு படங்கள் இருக்கின்றன. அவர் வளர்த்த ஒரு செம்பழுப்புக் குதிரை கால் எலும்பு முறிந்து, ஊசி போட்டு உறங்க வைக்கப்பட்டபோது, அப்பா மூன்று நாள் சாப்பிடவில்லை. ஊருக்கு வந்து, அதன் லாடம் ஒன்றை எங்கள் வீட்டு நிலைப்படியில் அடித்தார். ராசிக்காக அடித்தது என்று வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அது அந்தக் குதிரைக்கு அவர் நட்ட கல்.

போர்க்குதிரை உயர்ந்தது, பந்தயக் குதிரை தாழ்ந்தது என்று பிரிப்பதிலும் எனக்குச் சிக்கல் தெரிகிறது. இன்றைய பந்தயக் குதிரைகள் அனைத்துக்கும் தந்தைவழி மூதாதைகள் மூன்றே மூன்று ஆண்குதிரைகள். அவற்றில் ஒன்றான பையர்லி டர்க், 1690இல் அயர்லாந்தின் பாய்ன் ஆற்றுப் போரில் ஒரு படைத்தலைவனைச் சுமந்த போர்க்குதிரை. பெங்களூரைத் தாண்டிய குனிகல் பண்ணை, திப்பு சுல்தானின் குதிரைப்படைக்காக ஏற்பட்டது. அதே புல்வெளியில்தான் பிறகு பந்தயக் குதிரைகள் பிறந்து வளர்ந்தன. போர் முடிந்த பிறகு மனிதன் அந்த வேகத்தை வேறு வேலைக்குத் திருப்பிக்கொண்டான். ஓடச் சொன்னபோது ஓடியது ஒன்றுதான் அவற்றின் பங்கு.

2024 செப்டம்பரில் கிண்டிப் பந்தய மைதானத்துக்கு அரசு முத்திரை வைத்தபோது, நிலத்தைப் பற்றியும் குத்தகைப் பாக்கியைப் பற்றியும் எல்லாரும் எழுதினார்கள். அப்பா தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே, "குதிரைகளுக்கு இன்னிக்கு யாரு தண்ணி காட்டுவாங்க?" என்று மட்டும் கேட்டார்.

பர்கூர் வாசகி

அம்மா, உங்கள் பதிவை இருமுறை படித்தேன். என் சித்தப்பாவின் கதையும் உங்கள் அப்பாவின் கதையும் ஒரே மைதானத்தில் நடந்தவை என்பதை இத்தனை நாள் நான் எண்ணிப் பார்த்ததில்லை. பணம் கட்டும் சாளரத்தை எழுதாமல் லாயத்தை எழுதினால் எனக்கு மறுப்பில்லை. எந்தக் குதிரையை எழுதப் போகிறீர்கள்?

கெலமங்கலம் லாயத்து மகள்

அப்பாவைக் கேட்டேன். ஸ்குவாண்டரர் என்றார். 1970களில் ஓடிய இந்தியக் குதிரை. 19 ஓட்டங்களில் 18இல் முதலிடம். அவர் அதைப் பார்த்ததில்லை. மூத்த குதிரைக்காரர்கள் சொல்லக் கேட்டதுதான். தோற்ற அந்த ஒன்றைப் பற்றித்தான் லாயத்தில் அதிகம் பேசுவார்களாம்.

ஆஸ்திரேலியர்கள் ஃபார் லாப் என்ற பந்தயக் குதிரையை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று படித்தேன். 1932இல் இறந்த அதன் தோல் மெல்பர்ன் அருங்காட்சியகத்தில், இதயம் கான்பெராவில், எலும்புக்கூடு அது பிறந்த நியூசிலாந்தில். அப்படி மூன்றாகப் பிரித்து வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் நிலைப்படி லாடமே மேல் என்று தோன்றியது.

சந்தூர் மாந்தோப்பு

நம் மக்கள் விலங்குகளைப் பெயர் சொல்லி நினைவில் வைப்பவர்கள்தாம். எருது விடும் விழாவுக்கு வந்து பாருங்கள். எந்த ஊர் எருது எந்த ஆண்டு எத்தனை நொடியில் ஓடியது என்று டீக்கடையில் இருக்கும் பெரியவர் சொல்லுவார். இறந்த எருதுக்கு மாலை போட்டு, மேளம் வைத்து, ஊரே கூடி அடக்கம் செய்வதை நானே பார்த்திருக்கிறேன். குதிரைக்கு அது இல்லாமல் போனது, உழவன் வீட்டில் குதிரை இல்லாததால்தான். கிருஷ்ணகிரியில் ஜட்கா வண்டி ஓடிய காலத்தில் குதிரைக்குப் பெயர் இருந்தது. எங்களைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்ற வண்டிக் குதிரையின் பெயர் முத்து. ஐம்பது ஆண்டுகள் ஆகியும் எனக்கு மறக்கவில்லை. இப்போது குதிரை வாங்க வேண்டுமானால் ஆடி மாதத்தில் அந்தியூர்ச் சந்தைக்குத்தான் போக வேண்டும்.

காரிமங்கலம் ஆசிரியர்

உங்கள் அனைவருக்கும் என் நன்றி. இரண்டு வாரமாக மாணவர்களோடு அமர்ந்து இந்த இழையை வாய்விட்டுப் படித்தோம். என்ன வரைவது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள்.

முதலில் மல்லப்பாடியின் இரு குதிரைகள், வெள்ளைச் சுண்ணாம்பிலேயே. அடுத்து "மாவா ராதே" பாட்டு முழுவதும், பொருளோடு. காரி, ஓரி என்ற இரண்டு பெயர்களும் பெரிய எழுத்தில். ஔவையார் சொன்ன மறுக்குளம்பு. சக்கை தின்ற சிற்றூர்க் குதிரை. குதிரை இல்லாத இடத்தில் கோவிவன் நாய். இதை விட்டுவிடக் கூடாது என்று பிள்ளைகள் பிடிவாதம் செய்தார்கள். பிறகு ராயக்கோட்டைச் சாலையில் போகும் படை, அதன் ஓரத்தில் மேயப்பட்ட சோளக்காடு, விழுந்து கிடக்கும் காளை. மத்திகிரி லாயம், புல்லுக்கட்டுச் சுமந்த பெண்களோடு. சேணம் இல்லாத மன்றோ குதிரை, அதன் கீழே கதை தவறு என்ற குறிப்பு. தேசிங்கின் பாராசாரி. கடைசியாக ஒரு பந்தயக் குதிரையும் அதன் கடிவாளத்தைப் பிடித்த ஒரு கையும். இம்முறை கைக்கு உரியவர் முழுமையாகப் படத்தில் இருப்பார். கெலமங்கலம் அம்மா இசைந்தால், உங்கள் அப்பாவின் படம் ஒன்றை அனுப்புங்கள். முகத்தைப் பார்த்து வரைய ஒரு மாணவன் காத்திருக்கிறான்.

ஏரிக்கரைக் கல்லையும் வரைந்திருக்கிறோம். அதில் குதிரையின் கீழே பெயர் எழுத ஒரு கட்டம் போட்டு, அதை வெறுமையாகவே விட வேண்டும் என்று முதலில் கேள்வி கேட்ட அதே மாணவி சொன்னாள். அப்படியே விட்டிருக்கிறோம்.

கெலமங்கலம் லாயத்து மகள்

அப்பா இசைந்துவிட்டார், ஐயா. படம் அனுப்புவதைவிட நேரிலேயே வருகிறேன் என்கிறார். மாணவன் வரையும்போது குதிரையின் முன்னங்கால் மடங்கும் இடத்தைச் சரியாக வரைகிறானா என்று பார்க்க வேண்டுமாம். வரும் சனிக்கிழமை காலை, தருமபுரிப் பேருந்தில் வந்து இறங்குவோம்.

காரிமங்கலம் ஆசிரியர்

வாருங்கள், அம்மா. பேருந்து நிலையத்தில் நானும் பிள்ளைகளும் நிற்போம். அப்பாவை முதலில் ஏரிக்கரைக் கல்லுக்கு அழைத்துச் செல்கிறேன். அந்தக் குதிரையின் கால்களை அவர் ஒருமுறை தடவிப் பார்க்கட்டும்.